கண்ணைக் காக்கும் பூ மாத்திரை!
யாருக்குப் பலன்? யாருக்கு வீண் செலவு?

மாலை கட்டும் செண்டுமல்லிப் பூவைத் தெரியாதவர் இல்லை. சரசுவதி பூசை, ஆயுத பூசை வந்துவிட்டால் கடைத்தெரு முழுவதும் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் குவிந்து கிடக்கும்.

அந்தப் பூவில் இருந்து இன்று கண்ணுக்கு மாத்திரை செய்கிறார்கள். மருந்துக் கடைகளில் அது அழகான டப்பாக்களில் விற்பனை ஆகிறது. "முதுமையில் பார்வை மங்காமல் காக்கும்" என்று விளம்பரம் செய்கிறார்கள்.

இது உண்மையா? பூவால் கண்ணைக் காக்க முடியுமா?

ஓரளவு உண்மைதான். ஆனால் எல்லாருக்கும் அல்ல. எல்லாக் கண் நோய்க்கும் அல்ல. யாருக்குப் பலன், யாருக்குப் பலன் இல்லை என்பதைப் பல ஆயிரம் பேரை வைத்து டாக்டர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த முடிவைத் தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், கண்ணும் மிச்சம்.

மிளகு அளவு இடம்

கண்ணின் பின்புறச் சுவரில் ஒரு மெல்லிய திரை இருக்கிறது. அதற்கு விழித்திரை என்று பெயர். நாம் பார்க்கும் காட்சி எல்லாம் அதில்தான் விழுகிறது.

அந்தத் திரையின் நடுவே ஒரு சிறிய இடம் மஞ்சளாக இருக்கும். அதை "மஞ்சள் புள்ளி" என்கிறார்கள். அதன் அகலம் சுமார் 5 மில்லி மீட்டர். அதாவது ஒரு மிளகு அளவுதான்!

ஆனால் அது செய்யும் வேலையோ பெரியது. பத்திரிகை படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, அரிசியில் கல் பொறுக்குவது, எதிரே வருபவரின் முகத்தை அடையாளம் காண்பது ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த மிளகு அளவு இடம்தான் வேண்டும். திரையின் மற்ற பகுதிகள் பக்கப் பார்வையை மட்டுமே தருகின்றன.

அந்த இடத்துக்கு மஞ்சள் நிறம் எங்கிருந்து வந்தது? செடிகளில் இருந்து வந்தது! லூட்டின், ஜியாசாந்தின் என்று இரண்டு மஞ்சள் நிறப் பொருள்கள் கீரையிலும் காயிலும் பூவிலும் இருக்கின்றன. மனித உடலால் அவற்றைத் தானாகச் செய்துகொள்ள முடியாது. சாப்பிடும் உணவில் இருந்து அவை இரத்தத்தில் கலந்து, கண்ணுக்குப் போய்ச் சேருகின்றன.

அங்கே அவை இரண்டு வேலைகள் செய்கின்றன. வெளிச்சத்தில் உள்ள நீல ஒளியைத் தடுத்து நிறுத்துகின்றன. வெயிலுக்குப் போடும் மஞ்சள் கண்ணாடி போல என்று வைத்துக்கொள்ளலாம். ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்து கண்ணின் நுண்ணிய பகுதிகளைச் சிதைக்காமலும் அவை பார்த்துக்கொள்கின்றன.

முதுமையில் வரும் நோய்

வயது 50-ஐத் தாண்டிய பிறகு சிலருக்கு இந்த மஞ்சள் புள்ளி கெட்டுப்போகத் தொடங்குகிறது. முதலில் விழித்திரைக்கு அடியில் சிறு சிறு படிவுகள் தோன்றும். அப்போது பார்வையில் எந்தக் குறையும் தெரியாது. படிவுகள் பெரிதாகும்போதுதான் ஆபத்து.

நோய் முற்றினால் பார்வையின் நடுப்பகுதி மறைந்துவிடும். சுவரில் மாட்டிய கடிகாரத்தின் வட்டம் தெரியும், முள் தெரியாது. ஆள் நிற்பது தெரியும்; யார் என்று தெரியாது. இதற்கு மஞ்சள் புள்ளித் தேய்வு நோய் என்று பெயர். 2020-ம் ஆண்டில் உலகில் சுமார் 20 கோடி பேருக்கு இந்த நோய் ஏதாவது ஒரு நிலையில் இருக்கும் என்று நிபுணர்கள் கணக்கிட்டார்கள்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று உலர்ந்த வகை. இது மெல்ல மெல்லப் பல ஆண்டுகளில் வளரும். மற்றொன்று ஈர வகை. விழித்திரைக்கு அடியில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்து, நீரும் இரத்தமும் கசியும். சில வாரங்களிலேயே பார்வை பறிபோய்விடலாம்.

இழந்த பகுதியை மீண்டும் வளர்க்க மருந்து இல்லை. அதனால்தான், "வருமுன் காக்க வழி உண்டா?" என்று டாக்டர்கள் தேடினார்கள்.

கேரட் கதை

"கேரட் சாப்பிட்டால் கண் நன்றாகத் தெரியும்" என்பது உலகம் முழுவதும் பரவிய பேச்சு. இது இவ்வளவு பெரிதாகப் பரவியதற்கு ஒரு போரும் காரணம்.

1940-ம் ஆண்டில் இங்கிலாந்தின் மீது ஜெர்மன் விமானங்கள் இரவில் குண்டு வீசின. ஜான் கன்னிங்காம் என்ற இங்கிலாந்து விமானி இருட்டிலும் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தினார். அவருக்குப் "பூனைக்கண்" என்ற பட்டப்பெயர் வந்தது. அவர் கேரட் நிறையச் சாப்பிடுகிறார் என்று பத்திரிகைகள் எழுதின.

உண்மையில் அவருடைய விமானத்தில் ரேடார் கருவி இருந்தது. அது அப்போது இராணுவ இரகசியம். புகழ் எல்லாம் கேரட்டுக்குப் போய்விட்டது!

கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின், உடலுக்குள் போய் வைட்டமின் 'ஏ' ஆக மாறுகிறது. வைட்டமின் 'ஏ' குறைவால் குழந்தைகளுக்கு மாலைக்கண் வரும். அதற்குக் கேரட்டும் நல்லது, கீரையும் நல்லது. ஆனால் மாலைக்கண் வேறு. முதுமையில் வரும் மஞ்சள் புள்ளித் தேய்வு வேறு.

பில்பெர்ரி என்ற கருநீலப் பழத்துக்கும் இதே மாதிரி ஒரு போர்க்காலக் கதை உண்டு. அமெரிக்கக் கடற்படை வீரர்களிடம் அந்தப் பழச்சத்தைக் கொடுத்துச் சோதித்து, 2000-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். இரவுப் பார்வையில் எந்த முன்னேற்றமும் இல்லை.

கீரை காட்டிய வழி

மஞ்சள் புள்ளியின் நிறம் செடிகளில் காணப்படும் ஒரு வகை நிறப்பொருள் என்று 1945-ம் ஆண்டிலேயே ஜார்ஜ் வால்டு என்ற அமெரிக்க விஞ்ஞானி கூறினார். கண் பார்வை பற்றிய ஆராய்ச்சிக்காக 1967-ல் இவர் நோபல் பரிசு பெற்றார். அந்த நிறப்பொருள் லூட்டினும் ஜியாசாந்தினும்தான் என்று 1985-ல் போன், லேண்ட்ரம் என்ற விஞ்ஞானிகளும் அவர்களுடைய குழுவினரும் கண்டறிந்தார்கள்.

1994-ல் ஜொஹானா செடான் என்ற பெண் டாக்டரும் அவருடைய குழுவினரும் ஒரு முக்கியமான செய்தியை வெளியிட்டார்கள். நோய் முற்றியவர்களும், நோய் இல்லாதவர்களும் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அவர்கள் விசாரித்தார்கள். இந்த நிறச் சத்துக்களை மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட, நோய் வரும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவாக இருந்தது. அதிலும் கரும்பச்சைக் கீரைகளே முன்னால் நின்றன.

ஆனால் இதை வைத்து மட்டும் முடிவு கட்டிவிட முடியாது. கீரை சாப்பிடுபவர்கள் புகை பிடிக்காதவர்களாக இருக்கலாம். உடம்பை நன்றாகக் கவனிப்பவர்களாகவும் இருக்கலாம். நேரடியாகச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

3,640 பேரிடம் சோதனை

அமெரிக்காவின் தேசியக் கண் ஆராய்ச்சி நிலையம் அந்தச் சோதனையை நடத்தியது. 55 முதல் 80 வயது வரை உள்ள 3,640 பேர் இந்த நோய்ச் சோதனையில் கலந்துகொண்டார்கள். சராசரியாக 6 ஆண்டுகளுக்கு மேல் அவர்களைக் கவனித்தார்கள்.

சிலருக்கு உண்மையான சத்து மாத்திரை. சிலருக்கு அதே போலத் தோன்றும் மருந்தில்லா மாத்திரை. யாருக்கு எது என்பது சாப்பிடுபவருக்கும் தெரியாது. கண்ணைச் சோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது. பலனை நேர்மையாகக் கணக்கிடத்தான் இந்த ஏற்பாடு.

சத்து மாத்திரையில் தினசரி அளவு இதுதான்: வைட்டமின் 'சி' 500 மில்லி கிராம், வைட்டமின் 'இ' 400 யூனிட், பீட்டா கரோட்டின் 15 மில்லி கிராம், துத்தநாகச் சத்து 80 மில்லி கிராம், தாமிரச் சத்து 2 மில்லி கிராம்.

2001-ம் ஆண்டு அக்டோபர் மாதம் முடிவு வெளியாயிற்று. நோய் நடுத்தர நிலையில் இருந்தவர்களுக்கும், ஒரு கண்ணில் முற்றியவர்களுக்கும் பலன் தெரிந்தது. இவர்களில் மருந்தில்லா மாத்திரை சாப்பிட்ட 100 பேரில் 28 பேருக்கு 5 ஆண்டுகளில் நோய் முற்றியது. சத்து மாத்திரை சாப்பிட்டவர்களிலோ 100-க்கு 20 பேருக்குத்தான் முற்றியது.

அதாவது, 100 பேரில் 8 பேர் தப்பினார்கள். நோய் அடியோடு நிற்கவில்லை. போன பார்வை திரும்பவில்லை. ஆனால் அந்த 8 பேருக்கு அது எவ்வளவு பெரிய இலாபம்!

நோய் இல்லாதவர்களுக்கும், ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்கும் மாத்திரையால் பலன் தெரியவில்லை.

புகை பிடிப்பவருக்கு ஆபத்து

இதற்குள் வேறு ஒரு அதிர்ச்சிச் செய்தி வந்திருந்தது. பின்லாந்து நாட்டில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை புற்றுநோயைத் தடுக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் முடிவு வெளிவந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது! அமெரிக்காவில் நடந்த அதே போன்ற ஒரு சோதனையையும் 1996-ல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

கேரட்டைக் கடித்துத் தின்பதால் இந்த ஆபத்து இல்லை. சத்தைப் பிரித்தெடுத்து, அதிக அளவில் மாத்திரையாகச் சாப்பிட்டபோதுதான் ஆபத்து தெரிந்தது. "செடியில் இருந்து வந்ததுதானே, என்ன கெடுதல் செய்துவிடும்?" என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு பாடம்.

எனவே கண் மாத்திரையில் பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக வேறு ஒன்று தேவைப்பட்டது. அந்த இடத்துக்கு வந்ததுதான் செண்டுமல்லிப் பூ.

பூவில் இருந்து மாத்திரை

செண்டுமல்லியின் தாயகம் மெக்சிகோ நாடு. அதன் இதழில் லூட்டின் நிறைய இருக்கிறது. முட்டையின் மஞ்சள் கரு நல்ல நிறமாக இருப்பதற்காக இதழ்த் தூளைக் கோழித் தீவனத்தில் சேர்க்கும் வழக்கமும் உண்டு.

தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும், மாலைக்காக அல்லாமல் இந்தச் சத்துக்காகவே செண்டுமல்லி பயிரிடும் விவசாயிகள் இருக்கிறார்கள். நிறுவனங்களோடு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டு பயிரிடுகிறார்கள்.

பறித்த பூவைத் தொழிற்சாலையில் குவித்துச் சில நாட்கள் புளிக்க வைக்கிறார்கள். பிறகு பிழிந்து, காய வைத்து, அரைத்துக் குருணை ஆக்குகிறார்கள். அதில் இருந்து ஆரஞ்சு நிறமான கெட்டிப் பசையை எடுக்கிறார்கள். அந்தப் பசையைச் சுத்தம் செய்தால் லூட்டின் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு வேண்டியது 10 மில்லி கிராம். ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு!

இந்த லூட்டினையும், 2 மில்லி கிராம் ஜியாசாந்தினையும் வைத்து அமெரிக்காவில் இரண்டாவது சோதனை நடந்தது. 4,203 பேர் கலந்துகொண்டார்கள். 2013-ம் ஆண்டு மே மாதம் முடிவு வெளியாயிற்று.

முன்பு இருந்த மாத்திரையோடு இந்தச் சத்துக்களைக் கூடுதலாகச் சேர்த்ததால் பொதுவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உணவில் இந்தச் சத்துக்கள் மிகக் குறைவாக இருந்தவர்களுக்குப் பலன் தெரிந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்ட பிரிவில் நுரையீரல் புற்றுநோய் அதிகமாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் முன்பு புகை பிடித்து, பிறகு நிறுத்தியவர்கள். எனவே பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் லூட்டினையும் ஜியாசாந்தினையும் வைப்பதே நல்லது என்று முடிவு செய்தார்கள். 10 ஆண்டு கவனிப்புக்குப் பிறகு 2022-ல் வந்த அறிக்கையும் அதையே உறுதி செய்தது.

மீன் எண்ணெய்ச் சத்தையும் அதே சோதனையில் சேர்த்துப் பார்த்தார்கள். அதனால் பலன் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோதனையில் பலன் தந்தது பூச்சத்து மட்டும் அல்ல. வைட்டமின் 'சி', 'இ', துத்தநாகம், தாமிரம் எல்லாம் சேர்ந்த கூட்டு மாத்திரை. வெறும் லூட்டின் மாத்திரை வேறு. இந்தக் கூட்டு மாத்திரை வேறு.

மதுரை கிராமங்களில்

"கண்புரைக்கு இந்தச் சத்து மாத்திரை உதவுமா?" என்று பலர் கேட்பார்கள். இதற்கான விடை தமிழ்நாட்டிலேயே கிடைத்திருக்கிறது.

மதுரைக்கு அருகே உள்ள 5 கிராமங்களில், 35 முதல் 50 வயது வரை உள்ள 798 பேர் ஒரு சோதனையில் கலந்துகொண்டார்கள். பீட்டா கரோட்டின், வைட்டமின் 'சி', வைட்டமின் 'இ' ஆகியவற்றை வாரம் 3 முறை கொடுத்தார்கள். 5 ஆண்டுகள் கவனித்தார்கள். 2006-ல் முடிவு வெளிவந்தது. கண்புரை வளர்வது குறையவில்லை.

கண்புரை என்பது விழியில் உள்ள லென்ஸ் மங்கிப்போவது. அதற்கு ஆபரேஷன்தான் வழி. மங்கிய லென்சை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பார்கள். பெரும்பாலோருக்கு நல்ல பார்வை திரும்பிவிடும். மாத்திரையை நம்பி ஆண்டுக்கணக்கில் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியது இல்லை.

கண் நீர் அழுத்த நோய்க்கும் இந்த மாத்திரை மருந்து அல்ல. அதற்கு அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்தோ, வேறு சிகிச்சையோ வேண்டும். காலம் கடத்தினால் போன பார்வை திரும்பாது.

கண்ணில் செடிச் சாறு பிழிவது இன்னும் ஆபத்து. அதில் உள்ள கிருமிகளால் கருவிழியில் புண் வந்து பார்வை போய்விடலாம். கீரை வாய்க்கு, கண்ணுக்குள் அல்ல!

யாருக்கு மாத்திரை?

இதுவரை தெரிந்ததை இப்படிச் சுருக்கிச் சொல்லலாம்:

மஞ்சள் புள்ளித் தேய்வு நடுத்தர நிலையில் இருப்பவர்களும், ஒரு கண்ணில் முற்றியவர்களும் டாக்டர் சொன்னால் சாப்பிடலாம். நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும். கண்ணில் மருந்து விட்டுப் பாப்பாவை விரியச் செய்து அவர் பார்ப்பார்.

நோய் இல்லாதவர்களுக்கு இந்த மாத்திரை தேவை இல்லை. "அப்பாவுக்கு இருந்ததே, எனக்கும் வருமோ?" என்று பயப்படுகிறவர்கள் மாத்திரைக்குக் கொடுக்கும் பணத்தில் கண்ணைச் சோதித்துக்கொள்ளலாம்.

புகை பிடிப்பவர்களும், பிடித்து விட்டவர்களும் டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். பீட்டா கரோட்டின் இருந்தால் வாங்கக் கூடாது.

துத்தநாகச் சத்து அதிகமானால் சிலருக்கு வயிற்றுக் கோளாறு வரும். சிலருக்குச் சிறுநீர்த் தொல்லையும் வரும். துத்தநாகம் தாமிரச் சத்தைக் குறைத்து இரத்த சோகையை உண்டாக்கலாம் என்பதால்தான் மாத்திரையில் தாமிரமும் சேர்க்கிறார்கள். வேறு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் அதையும் சொல்ல வேண்டும்.

அடுப்பங்கரையில் உள்ள சத்து

மாத்திரை தேவை இல்லாதவர்களுக்கும் லூட்டின் தேவை. அதற்குச் சமையலறையே போதும்.

வேகவைத்த பாலக் கீரை 100 கிராமில் இந்த இரண்டு சத்துக்களும் சேர்ந்து சுமார் 11 மில்லி கிராம் இருக்கின்றன. ஒரு நாள் மாத்திரையில் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! முருங்கைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி, கொத்தமல்லி, கறிவேப்பிலை ஆகிய பச்சை இலைகளிலும் லூட்டின் உண்டு. சாப்பாட்டில் கறிவேப்பிலையை ஒதுக்கி வைப்பவர்கள் இனி ஒதுக்காமல் இருக்கலாம்.

ஜியாசாந்தின் மக்காச்சோளத்திலும் ஆரஞ்சு நிறக் குடமிளகாயிலும் இருக்கிறது. முட்டையின் மஞ்சள் கருவில் இரண்டும் இருக்கின்றன. அளவு குறைவு, ஆனால் உடலில் எளிதாகச் சேரும்.

இந்தச் சத்துக்கள் எண்ணெயில் கரைபவை. கீரையில் சிறிது எண்ணெய் விட்டுத் தாளித்தாலோ, தேங்காய்த் துருவல் சேர்த்தாலோ உடலில் நன்றாகச் சேரும். பாட்டிமார் செய்த கீரைப் பொரியல் இந்த வகையில் சரியான சமையல்தான்!

இரத்தம் உறையாமல் இருப்பதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கீரையைவிடப் பெரிய காவல் ஒன்று உண்டு. பீடி, சிகரெட்டை விட்டுவிடுவதுதான் அது. இந்த நோய்க்கு வழி திறந்துவிடும் பழக்கங்களில் முதல் இடம் புகைக்குத்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை

50 வயது ஆனவர்கள் வாரம் ஒரு முறை இதைச் செய்து பார்க்கலாம். செலவு இல்லை.

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். படிக்கும் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் அந்தப் புள்ளியையே பாருங்கள். பிறகு மறு கண்ணுக்கும் இதே போலச் செய்யுங்கள்.

கோடுகள் நேராகத் தெரிந்தால் நல்லது. கோடு வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால், அல்லது நடுவில் ஒரு பகுதி மறைந்தால், உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று இருக்கக் கூடாது. அது ஈர வகை நோயின் அடையாளமாக இருக்கலாம். அதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து இருக்கிறது. 2006-ம் ஆண்டு முதல் இந்தச் சிகிச்சை பெரிதும் முன்னேறியிருக்கிறது. சீக்கிரம் போனவர்களுக்குத்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும்.

ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகச் சோதிப்பது முக்கியம். இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தால், நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். ஒரு கண் பழுதானது தெரியாமலேயே பலர் பல மாதங்களைக் கழித்துவிடுகிறார்கள்.

பூ மாத்திரை நல்லதுதான். வேண்டியவருக்கு வேண்டிய நேரத்தில் கொடுத்தால். மற்றவர்களுக்கு வாரத்தில் சில நாட்கள் கீரை, புகை இல்லாத வாழ்வு, ஆண்டுக்கு ஒரு முறை கண் சோதனை. இவை மூன்றும் போதும்.